பலியிடப் போன மகன் யார்? பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறதே என்று கனவில் கண்டபடி தன் மகனையே பலியிடப் போன இப்ராஹீம் நபியின் கதையைக் கூட்டாளியிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பையன் சர்ச்சுக்குப் போகிறவன். பலியிடப் போனது ஈசாக்கை என்று அவனும், இஸ்மாயீலை என்று இவனும் சண்டை போட்டு, இப்போது பேச்சே இல்லை. 'குர்ஆனில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்கிறான். என்ன சொல்வது?"

சகோதரி, அவன் கேட்டபடியே காட்டிவிடுங்கள். 37-ஆவது அத்தியாயம், ஸூரத்துஸ் ஸாஃப்பாத். 100-ஆவது வசனத்திலிருந்து 113 வரை தமிழ் மொழிபெயர்ப்போடு அவனையே வாசிக்க விடுங்கள். என்னிடம் சாயங்காலம் ஓத வரும் பிள்ளைகளிடம் இப்படிச் செய்திருக்கிறேன். விரலை வைத்து வரி வரியாகத் தேடுவார்கள். "உஸ்தாஸ், பேரைக் காணோமே!" என்று நிமிர்வார்கள்.

ஆமாம், பலியிடப் போன அந்த மகனின் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. சம்பவத்தை முடித்துவிட்டு, 112-ஆவது வசனத்தில்தான் இஸ்ஹாக், அதாவது கூட்டாளி சொல்லும் ஈசாக்கு, பிறப்பார் என்ற நற்செய்தி வருகிறது. அப்படியானால் முந்தியவர் இஸ்மாயீல்தான் என்பது நம்மில் பெரும்பாலோரின் முடிவு. இன்னொரு ஆதாரமும் உண்டு, எனக்கு இதுதான் வலுவாகப் படுகிறது: 11-ஆவது அத்தியாயம் 71-ஆவது வசனத்தில் இஸ்ஹாக்கையும் அவருக்குப் பின் அவருடைய மகன் யஅகூபையும் சேர்த்தே நற்செய்தியாகச் சொல்கிறான் அல்லாஹ். பேரன் பிறப்பான் என்று வாக்குக் கொடுத்த பிள்ளையையே அறுக்கச் சொல்வதென்றால் அதில் சோதனை எங்கே இருக்கிறது?

ஆனாலும் குர்ஆனுக்கு விளக்கம் எழுதிய பழைய விரிவுரையாளர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. 923-இல் மறைந்த இமாம் தபரி, அந்த மகன் இஸ்ஹாக் என்றே கருதினார். 1373-இல் மறைந்த இப்னு கஸீர், இஸ்மாயீல்தான் என்று உறுதியாக வாதிட்டார். இரண்டு பேரையும் இன்றுவரை மதித்துத்தான் படிக்கிறோம். இதையும் மகனிடம் மறைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும்.

பெயர்ச் சண்டையில் அவன் தவறவிட்ட இடம் 102-ஆவது வசனம். அதை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். கனவு கண்ட தந்தை கத்தியை எடுத்துக்கொண்டு நேரே கிளம்பவில்லை. "யா புனைய்ய" என்று கூப்பிடுகிறார். வெறும் "மகனே" இல்லை, நம் வீட்டில் "என் கண்ணு" என்போமே, அந்தக் குழைவு அதில் இருக்கிறது. கனவைச் சொல்லிவிட்டு, "நீ என்ன நினைக்கிறாய், யோசித்துச் சொல்" என்று பிள்ளையிடமே கேட்கிறார். மகனும் "யா அபத்தி" என்று அதே அன்போடு விளித்து, "உங்களுக்குக் கட்டளையிட்டதைச் செய்யுங்கள். அல்லாஹ் நாடினால் நான் பொறுமையாக இருப்பேன்" என்கிறார். எத்தனை முறை ஓதினாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கதையில் வரும் மற்ற விஷயங்களையும் பிள்ளைகள் எல்லாமே குர்ஆனில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மகனுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டதைக் குர்ஆன் "மகத்தான பலி" என்று மட்டுமே சொல்கிறது. செம்மறிக் கிடா என்பது விரிவுரைகளில் வருவது. தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு முறை ஓடிய, இஸ்மாயீலின் தாய் ஹாஜர் அம்மையாரின் பெயர்கூடக் குர்ஆனில் இல்லை. அந்த ஓட்டமும் ஸம்ஸம் ஊற்று பொங்கியதும் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பின் ஹதீஸில் விரிவாக இருக்கின்றன. கதை சொல்லும்போதே "இது குர்ஆன், இது ஹதீஸ், இது விரிவுரை" என்று பிரித்துச் சொல்லிப் பழக்குங்கள். அப்புறம் யார் குறுக்குக் கேள்வி கேட்டாலும் பிள்ளை தடுமாறாது.

சரி, அந்தக் கூட்டாளி? அவன் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய பைபிளில் ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு என்று பெயர் போட்டே இருக்கிறது. "உங்கள் வேதத்தில் அப்படி இருக்கிறது, எங்கள் குர்ஆனில் பெயர் இல்லை, நாங்கள் இஸ்மாயீல் என்று நம்புகிறோம்" என்று மகனை நாளைக்கே போய்ச் சொல்லச் சொல்லுங்கள். 102-ஆவது வசனத்தையும் அவனுக்கு வாசித்துக் காட்டட்டும்.