மணிக்கட்டு தொங்கிடுச்சுன்னா உடனே ஆபரேஷனா?

குடியாத்தத்துலேருந்து ஒரு வாசகர் கேக்கறார்: அண்ணன் பைக்லேருந்து விழுந்து மேல்கை எலும்பு உடைஞ்சிடுச்சு, தோல் கிழியல, மாவுக்கட்டு போட்டு 3 வாரமாச்சு, மணிக்கட்ட தூக்கவே முடியல. உடனே நரம்பு ஆபரேஷன் பண்ணலன்னா கை போயிடும்னு சொல்லி ஒருத்தர் முன்பணம் கேக்கறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீங்க தம்பி. மேல்கை எலும்ப ஒட்டினாப்பல சுத்திக்கிட்டு ரேடியல் நரம்புன்னு ஒண்ணு போகுது, எலும்பு உடையறப்ப அது நசுங்கும் இல்லன்னா இழுபடும், அறுந்துபோறது கம்மி. தோல் கிழியாத கேஸ்ல முக்காவாசி தானா திரும்பிடும், ஆனா நரம்பு வளர்றது ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான், அதனால 3, 4 மாசம் பொறுத்துப் பாக்கறது வழக்கம். அப்பவும் அசைவே வரலன்னா ஆபரேஷன் பத்திப் பேசணும், ஏன்னா ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் போயிட்டா தசை கெட்டுடும். அப்படி ஆனாக்கூட வேற தசைநார மாத்தி வெச்சு மணிக்கட்ட தூக்க வைக்கலாம், தொழுநோயாளிங்க கைய ஆபரேஷன்ல சரிபண்ணின டாக்டர் பால் பிராண்ட் காலத்துலேருந்து வேலூர்ல பண்ற ஆபரேஷன்தான் அது.

பொறுக்கவே கூடாதது வெட்டுக்காயம். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனில பிளேடு கிழிச்சதோ, கண்ணாடி குத்துனதோ, கை மரத்துப்போச்சுன்னா அங்க நரம்பு அறுந்திருக்குன்னு வெச்சுக்கிட்டுதான் பாக்கணும். வழில இருக்கற கிளினிக்ல மேல்தோல மட்டும் தைச்சு அனுப்பிடறாங்க, காயம் ஆறிடுது, விரல் மட்டும் அசையல, மாசக்கணக்குல கழிச்சு வர்றப்ப அறுந்த முனை ரெண்டும் சுருங்கிப்போய் கால்லேருந்து நரம்பு எடுத்து ஒட்டவேண்டியதா ஆயிடுது. தையல் போடறதுக்கு முன்னாடி விரல தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாக்கச் சொல்லி நீங்களே கேளுங்க, கூச்சப்படாதீங்க.

இந்த புரோக்கருங்க கதை எனக்கு நல்லாத் தெரியும், பஸ் ஸ்டாண்டுலயும் லாட்ஜ் வாசல்லயும் நின்னுக்கிட்டு ஸ்கேன் சென்டருக்கு இழுத்துட்டுப் போவாங்க, அடிபட்ட முதல் வாரத்துலயே ஈஎம்ஜி, அதாவது தசைல ஊசி குத்தி நரம்பு வேலை செய்யுதான்னு பாக்கற டெஸ்ட், எடுத்து நரம்பு செத்துப்போச்சும்பாங்க. அந்த டெஸ்ட் 3 வாரத்துக்கு முன்னாடி எடுத்தா உருப்படியா ஒண்ணும் சொல்லாது. உங்க அண்ணனுக்கு இப்பதான் அதுக்கு நேரம், அதுவும் டாக்டர் எழுதிக்கொடுத்தா. பி12 ஊசி கோர்ஸ் கோர்ஸா போட்டாலும் நசுங்குன நரம்பு வேகமா வளராது. கட்டப் பிரிச்சு எண்ணெய் உருவறவங்ககிட்ட கூட்டிட்டுப் போகவே போகாதீங்க, சூடு ஒத்தடமும் வேணாம், கட்டைவிரல் பின்பக்கம் மரத்திருக்கும், சுட்டாக்கூடத் தெரியாது.

இப்ப வேண்டியது மணிக்கட்ட தூக்கிப் பிடிக்கற ஸ்ப்ளிண்ட். தினமும் பல தடவை இன்னொரு கையால விரல நீட்டி மடக்கணும், இல்லன்னா மூட்டு இறுகிடும், நரம்பு திரும்பியும் கை நீளாது. இத சொல்லித்தர பிசியோதெரபிஸ்ட் வேணும், ஆனா ஒரு சீட்டுக்காக இந்த ஜன்னல் அந்த ஜன்னல்னு அரைநாள் அலையவிடறாங்க, கட்டு போடறதுக்கு முன்னாடி மணிக்கட்டு தூக்குச்சா இல்லையான்னு ஒரு வரி எழுத அரை நிமிஷம் ஆகாது, அதையும் எழுத மாட்டேங்கறாங்க! கட்டு போட்டப்புறம் தொங்குனதா, விழுந்தப்பவே தொங்குனதாங்கறத வெச்சுதான் அடுத்த முடிவே. அண்ணன்கிட்ட இத நல்லா கேட்டுக்கிட்டு, பழைய எக்ஸ்ரே, சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாத்தையும் ஒரே பையில போட்டு கை ஆபரேஷன் பண்ற டாக்டர்ட்ட நேரா போங்க, நடுவுல யாரும் வேணாம்.