செத்த கன்றுகளையும் எண்ணுங்கள்

கேள்வி: மட்டக்களப்பு வாவியோரம், உப்புநீரில் வளரும் கண்டல் மரக்கன்றுகள் பற்றி முதுமாணி ஆய்வு செய்கிறேன். ஒரு வாரம் எல்லாம் நன்றாகப் போகிறது. அடுத்த வாரம் மாடு இறங்கிக் கன்றுகளை மிதித்துவிடும், இல்லாவிட்டால் வெள்ளம் மூடிவிடும். அனுப்பிய கட்டுரையும் திரும்பி வந்துவிட்டது, கூடப் படிப்பவருடையது ஏற்கப்பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமைக் குழுக் கூட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். எனக்கு ஆராய்ச்சி சரிவராதோ?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, சொல்ல ஒன்றுமில்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரம் நட்ட கண்டல்களின் கதி என்ன என்று தேடிப்போன ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. பார்த்த 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நட்டது 1000 ஹெக்டேருக்கு மேல். தேறியது ஏறக்குறைய 200. இடம் பிழை, கால்நடை, நட்டபின் பராமரிப்பில்லை என்று காரணங்களும் அதில் வந்தன. செத்த கன்றுகளை எண்ணியதால்தான் இதெல்லாம் தெரியவந்தது. உங்கள் கன்றுகள் எந்த நாளில் போயின, தண்ணீர் எத்தனை நாள் மூடி நின்றது, மாடு எந்தப் பக்கத்தால் இறங்கியது என்று அன்றன்றே எழுதி வைத்தீர்களா? இல்லையென்றால் இன்றே, ஞாபகம் இருக்கும்போதே எழுதுங்கள்.

வாவி வாரக் கணக்கில் நடப்பதில்லை. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் மூடும். மாரி வெள்ளத்தில் அது திறந்தால் சில நாட்களிலேயே நீர்மட்டமும் உப்பும் மாறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வெள்ளிக்கு வெள்ளி முன்னேற்றம் காட்ட யாராலும் முடியாது, உங்கள் மேற்பார்வையாளராலும்தான். கார்த்திகை, மார்கழியில் களவேலையைக் குறைத்து எழுத்து வேலையை வையுங்கள்.

கட்டுரை திரும்பி வந்தது வலிக்கத்தான் செய்யும். இரண்டு நாள் அதைத் தொடாதீர்கள். அப்புறம் கட்டுரையோடு வந்த மதிப்பாய்வாளர் குறிப்புகளைக் கூடப் படிப்பவரோடு இருந்து வாசியுங்கள். அவருடையது ஏற்கப்பட்டதற்காக ஒதுங்க வேண்டாம், அவரிடம்தான் இப்போது கேட்க நிறைய இருக்கிறது.

வரும் வெள்ளி, முதல் ஆளாக நீங்களே பேசுங்கள். "இத்தனை கன்று போய்விட்டது, காரணம் இதுவாக இருக்கலாம், வேலி போடவா, இடத்தை மாற்றவா?" என்று கேளுங்கள். "எப்படிப் போகுது?" என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் "பரவாயில்லை சேர்" என்ற பதில்தான் வாயில் வரும், அதோடு அந்த வாரமும் போய்விடும்.