டெக்காப்போவில் கடைசி இரவு வேண்டாம்

கேள்வி: நானும் மனைவியும் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம், இருவரும் ஓய்வு பெற்றவர்கள். ஏப்ரலில் நியூசிலாந்தின் தென் தீவை படுக்கையும் குசினியும் உள்ள வாடகைக் கேம்பர் வானில் 16 நாள் சுற்றப் போகிறோம். கிறைஸ்ட்சேர்ச்சில் வானை எடுத்து அங்கேயே விடுவோம். 24ஆம் திகதி இரவு டெக்காப்போ ஏரிக்கரையில் தங்கி, 25ஆம் திகதி காலை 7 மணிக்குப் புறப்பட்டு, 11 மணிக்கு வானை ஒப்படைத்துவிட்டு, பிற்பகல் 3 மணி விமானத்தில் சிங்கப்பூர் வழியே கொழும்பு. கடைசி இரவு நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. இது சரிவருமா? வானுக்குக் கட்டும் டிபொசிட் குறையாமல் திரும்பக் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

சரிவராது. நட்சத்திரம் பார்க்க வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலில் வானைப் பார்ப்போம்.

டெக்காப்போவிலிருந்து கிறைஸ்ட்சேர்ச் ஏறத்தாழ 225 கிலோமீற்றர். காரில் மூன்று மணித்தியாலம், வானில் மூன்றரை என்று வையுங்கள். யாழ்ப்பாணத்துக்கு ஒரே மூச்சில் ஓடிப் பழகியவர்களுக்கு இது ஒரு தூரமா என்று தோன்றும். தூரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏப்ரல் கடைசியில் அங்கே விடியவே 7 மணியாகும். பர்க்ஸ் பாஸ் என்ற கணவாய்ப் பக்கம் ரோட்டில் உறைபனி இருக்கலாம், நம் ஆட்களுக்கு அதில் ஓடிப் பழக்கமே இல்லை. அப்புறம் ஆறுகள். ரங்கிட்டாட்டா, ஆஷ்பர்ட்டன், ரக்காயா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். 2021 மே இறுதியில் கொட்டிய மழையில் ஆஷ்பர்ட்டன் பாலமே இறங்கிப்போய் பிரதான வீதியை மூடினார்கள். அடிக்கடி நடப்பதில்லைதான். ஆனால் விமானம் ஏற வேண்டிய நாளில் அந்தச் சூதாட்டம் எதற்கு?

இன்னொன்றை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஏப்ரல் 25 அங்கே அன்சாக் நாள். 1915இல் கலிப்போலியில் இறங்கிய படைவீரர்களை நினைவுகூரும் விடுமுறை. சட்டப்படி அன்று பகல் 1 மணி வரை பெரும்பாலான கடைகள் பூட்டு. பெற்றோல் ஷெட் திறந்திருக்கும். ஆனால் பேரப்பிள்ளைகளுக்குச் சாமான் வாங்குவது, சூப்பர்மார்க்கெட்டில் தேன் போத்தல் எடுப்பது எதுவும் நடக்காது. வானை ஒப்படைக்கும் கம்பனி டிப்போ அன்று திறந்திருக்கிறதா, விடுமுறைக் கட்டணம் வாங்குவார்களா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். சாதாரண நாளிலும் பல டிப்போக்கள் மாலை நாலு, நாலரைக்கு மேல் வான் ஏற்பதில்லை.

ஆகவே 23ஆம் திகதியே கிறைஸ்ட்சேர்ச்சுக்கு வந்துவிடுங்கள். அன்றிரவு நகரத்தில் ஒரு ஹோலிடே பார்க்கில், அதாவது காசு கட்டி வானை நிறுத்தித் தங்கும் இடத்தில், கரண்ட் இணைப்புள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். 24ஆம் திகதி பகலுக்குள் வானை ஒப்படைத்துவிட்டு, இரவு விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு மோட்டலில் தூங்குங்கள். மோட்டல் காசு வீண் என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே பெரும்பாலும் வான் வாடகையை 24 மணித்தியாலமாக எண்ணுவதில்லை, காலண்டர் நாளாகத்தான் எண்ணுகிறார்கள். 25ஆம் திகதி காலை 11 மணிக்குக் கொடுத்தாலும் அது ஒரு முழு நாள். 24ஆம் திகதி கொடுத்தால் அந்த ஒரு நாள் வாடகை மிச்சம், மோட்டலுக்கு அதுவே பெருமளவு ஈடுகொடுக்கும். காசை மிச்சம் பிடிக்க ரோட்டோரம் நிறுத்தித் தூங்கும் எண்ணம் வந்தால், தடை செய்த இடத்தில் பிடிபட்டால் 400 நியூசிலாந்து டொலரிலிருந்து அபராதம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி டிபொசிட். வெள்ளவத்தையில் அனெக்ஸ் ஒன்றைக் காலி செய்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கியவருக்கு இந்த வேலை புதிதல்ல. வீட்டுக்காரர் சுவர் சுவராகப் பார்ப்பது போல இங்கேயும் பார்ப்பார்கள், என்ன, சிரித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

முதலில் கழிவறை. இருக்கைக்குக் கீழே வெளியிலிருந்து இழுக்கக்கூடிய பெட்டி ஒன்று இருக்கும், கசெட் என்பார்கள். அதை டம்ப் ஸ்டேஷனில், அதாவது வான் கழிவுகளுக்கென்றே உள்ள இடத்தில், மட்டும்தான் கொட்ட வேண்டும், பொதுக் கழிவறையில் கொட்டக் கூடாது. நிறைந்த கசெட்டோடு வானைக் கொடுத்தால் தனிக் கட்டணம் போடுவார்கள், அதில் வாதாட இடமில்லை. ஊற்றும்போது பக்கத்தில் உள்ள காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சிங்க் தண்ணீர் சேரும் தொட்டியையும் அங்கேயே திறந்துவிடுங்கள். இதையெல்லாம் 24ஆம் திகதி காலை விமான நிலையப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எங்கள் முதல் பயணத்தில் அப்படி விட்டு, எங்களுக்கு முன்னால் ஐந்து வான் நின்றது. தங்கும் ஹோலிடே பார்க்கிலேயே டம்ப் ஸ்டேஷன் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது குசினி, நம் ஆட்கள் மாட்டுவது இங்கேதான். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். ஏப்ரலில் டெக்காப்போவில் அது போத்தலுக்குள்ளேயே கல்லாக நிற்கும், சிங்க் குழாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சட்டியை முதலில் பேப்பரால் துடைத்து, பிறகுதான் கழுவ வேண்டும். மஞ்சள் கறை பட்ட பலகையையும் துணியையும் தேய்த்துத் தேய்த்துக் களைக்காதீர்கள், கழுவி வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளுக்கும். வெள்ளை மேசைத் தட்டில் பட்டால்தான் பிரச்சினை, வெட்டுவதற்கு எப்போதும் பலகை பாவியுங்கள். மீன் பொரிப்பதை வானுக்குள் வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஹோலிடே பார்க்குகளில் பொதுக் குசினி இருக்கிறது, அங்கே பொரியுங்கள். திரையில் ஏறிய பொரித்த வாசம் மூன்று நாளானாலும் போகாது. ஆழமான சுத்திகரிப்பு என்று ஒரு வரி பில்லில் ஏறும்.

மிஞ்சிய அரிசி, பருப்பு, தூள் வகைகளைக் குப்பையில் போடாதீர்கள். அந்தப் பொதுக் குசினிகளில் பெரும்பாலும் ஒரு அலமாரித் தட்டு இருக்கும், போகிறவர்கள் வைத்துவிட்டுப் போவார்கள், வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் வைத்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளை ஒரு ஜெர்மன்காரப் பையன் ஆசையோடு எடுத்துப் போனான். அவன் கதி என்ன ஆனதோ தெரியாது.

எரிபொருள் விஷயத்தில் மூன்று. டீசல் வானா பெற்றோல் வானா என்று மூடியில் எழுதியிருப்பதை வாசித்து அடியுங்கள், பம்பின் நிறத்தைப் பார்த்து அல்ல. வானின் பக்கத்தில் தண்ணீருக்கும் ஒரு வாய் இருக்கும், களைத்துப்போன நாளில் அதற்குள் டீசல் விட்டவர்கள் உண்டு. இரண்டாவது, காஸ். சிலிண்டரை நிரப்பித் தர வேண்டுமா இல்லையா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், ஒப்பந்தத்தில் பாருங்கள். நிரப்ப வேண்டுமென்றால் ஷெட்டிலேயே வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்து மாற்றலாம். 2022இல் இங்கே காஸ் கியூவில் நின்ற நமக்கு அது ஒரு அதிசயமாகத்தான் இருக்கும்.

மூன்றாவதைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை. நியூசிலாந்தில் டீசல் விலைக்குள் வீதி வரி இல்லை. ஓடிய தூரத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மூன்றரைத் தொன்னுக்கு உட்பட்ட டீசல் வாகனத்துக்கு அரசாங்க விகிதம் 1,000 கிலோமீற்றருக்கு 76 டொலர். 2,500 கிலோமீற்றர் ஓடினால் 190. வானைக் கொடுக்கும்போது மீற்றரைப் பார்த்து இதைக் கார்டிலிருந்து எடுப்பார்கள், சில கம்பனிகள் தங்கள் கட்டணத்தையும் சேர்க்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கவுண்டரில் சண்டை போடாமல் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

டிபொசிட் கார்டில் எப்படி நிற்கிறது என்பதை வானை எடுக்கும் அன்றே கேளுங்கள். தொகையை முடக்கி வைப்பது ஒன்று, உண்மையிலேயே அறவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புவது இன்னொன்று. இரண்டாவது முறையில் போகும்போது ஒரு நாணய விகிதம், வரும்போது இன்னொன்று. ஒரு கீறல் இல்லாமல் கொடுத்தாலும் ரூபாயில் குறைந்துதான் வரலாம், அதற்குக் கம்பனி பொறுப்பெடுக்காது. கார்ட் மெஷின் ரூபாயா நியூசிலாந்து டொலரா என்று கேட்டால் டொலரையே அழுத்துங்கள்.

எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் வானைச் சுற்றி ஒரு வீடியோ, கூரையையும் சேர்த்து. கூரையிலும் அடிப்பகுதியிலும் படும் சேதத்தை ‘முழுக் காப்புறுதி’ கூட பெரும்பாலும் மூடுவதில்லை. தாழ்ந்த மரக்கிளை, உயரத் தடை போட்ட கார் பார்க் இரண்டுக்கும் பயப்படுங்கள். காற்றடிக்கும் இடத்தில் கதவைக் கையால் பிடித்தே திறவுங்கள். மீற்றர், எரிபொருள் முள், கடைசி ஷெட் பில் மூன்றையும் படமெடுங்கள். சேதமில்லை என்று எழுத்தில் வாங்காமல் டிப்போவை விட்டு வெளியேறாதீர்கள்.

பெட்டி அடுக்குவது 23ஆம் திகதி இரவு. மிஞ்சிய சிறிய காஸ் டின் விமானத்தில் எந்தப் பையிலும் போகாது. பவர் பேங்க் கைப்பையில், தேன் போத்தல் பெரிய பெட்டியில்.

இனி நட்சத்திரம். டெக்காப்போ 2012இலேயே இருண்ட வானத்துக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறது, உங்கள் மனைவி இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒரே இரவை நம்புவதுதான் பிழை, முகில் மூடினால் போச்சு. 21, 22 என்று இரண்டு இரவு அங்கே தங்குங்கள், குயின்ஸ்டவுனில் ஒரு நாளைக் குறைத்தால் போதும். அதற்கு முன் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் அந்த மாதப் போயா, அதாவது பௌர்ணமி, எந்தத் திகதியில் விழுகிறது என்று பாருங்கள். போயாவுக்கு முன்பின் நாலைந்து நாளில் நிலா வெளிச்சத்தில் பால்வீதி கரைந்துவிடும், அப்படியென்றால் சுற்றும் வரிசையையே மாற்றி வேறு திகதியில் டெக்காப்போவுக்குப் போங்கள். அங்கே மாலை ஏழு, ஏழரைக்கே நல்ல இருட்டு, நடுச்சாமம் வரை விழித்திருக்கத் தேவையில்லை. இராச்சாப்பாட்டை நேரத்தோடு முடித்து, வான் லைட் எல்லாவற்றையும் அணைத்து, போனை உள்ளே வைத்துவிட்டு, போர்வையோடு கதிரையை வெளியே போடுங்கள். கண் பழக இருபது நிமிடமாவது வேண்டும்.