மூன்று மாதம் சும்மா கிடந்த பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அந்தக் கார்புரேட்டரை இன்றைக்கு மாற்றாதீர்கள். கேனில் பழைய பெட்ரோல் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்களும் என்னைப் போல மழைக்காலத்துக்கு முன்பு டேங்கில் பெட்ரோலோடு இயந்திரத்தைச் சாளையில், அதாவது தோட்டத்துக் கொட்டகையில், சாத்தி வைத்துவிட்டு, இப்போது கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வீங்கி உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. வயது ஐம்பத்தேழு. களை வெட்டுவது நான்தான். 2023இல் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்ததால் மூன்று மாதம் தோப்புப் பக்கமே போக முடியவில்லை. திரும்பி வந்தபோது புல் முழங்காலுக்கு மேல் நின்றது. இயந்திரம் அசையவில்லை. நாற்பது முறையாவது இழுத்திருப்பேன்.

கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, "அம்மா, இதையெல்லாம் நீங்கள் இழுத்து ஆகாது. வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால் அனுப்புங்கள்" என்றார். பிறகு கார்புரேட்டர் போய்விட்டது என்று சொல்லி, புதிது மாட்டி 1,400 ரூபாய் வாங்கினார். ஒரு டேங்க் ஓடியது. அடுத்த டேங்க் ஊற்றியதும் பழையபடி செத்துவிட்டது. இரண்டாவது கடையில் சிலிண்டரையும் பிஸ்டனையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கிருந்து இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் பிடிபட்டது. ஓடிய அந்த ஒரு டேங்க் கடைக்காரர் ஊற்றிய பெட்ரோல். நின்றுபோனது நான் சாளையில் இருந்த கேனிலிருந்து ஊற்றிய பெட்ரோல். காலையில் கேனின் அடியில் இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினேன். மேலே ஆயில் கலந்த பெட்ரோலின் பச்சை நிறம். கீழே இரண்டு விரல் உயரத்துக்கு நிறமில்லாத கலங்கல் நீர். நடுவில் கோடு போட்டதுபோல் பிரிந்து நின்றது.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். என் கேனுக்கு மூடி சரியாகப் பொருந்தாது, வெளியிலோ மழைக்காலம். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயிரான அந்த ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. டேங்கில் உறிஞ்சும் குழாயின் முனை கிடப்பதோ அடியில். அந்தக் கலங்கலைக் குடித்து எஞ்சின் ஓடியிருந்தால், ஆயில் இல்லாமல் பிஸ்டன் உரசி இறுகியிருக்கும். அன்று அது ஓடாமல் நின்றதுதான் எனக்கு நல்லதாயிற்று.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் பெட்ரோல் தேங்கினால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு விறைத்துப்போவதும், டேங்கின் உள்குழாய் வெடிப்பதும் உண்மைதான். ஆனால் பெட்ரோலை முகர்ந்துகூடப் பார்க்காமல் பொருளை மாற்றுவது வைத்தியம் ஆகாது.

ஸ்டார்ட் செய்வதற்குப் பலம் தேவையில்லை, வரிசைதான் முக்கியம். இயந்திரத்தைச் சமதரையில் வைத்துச் சுவிட்சைப் போடுங்கள். டேங்குக்குத் திரும்பும் குழாயில் பெட்ரோல் தெரியும்வரை ரப்பர் குமிழை ஆறேழு முறை அமுக்குங்கள். காற்றை அடைக்கும் சோக்கை மூடிவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிடி கிடைத்த இடத்திலிருந்து வெடுக்கென்று இழுங்கள். கயிற்றின் கடைசிவரை இழுக்கவும் கூடாது, கையிலிருந்து விட்டுவிடவும் கூடாது. மூன்று நான்கு இழுப்புக்குள் ஒரே ஒரு முறை இருமுவதுபோல் சத்தம் வரும். அந்த நொடியில் சோக்கைத் திறந்துவிட வேண்டும். பெரும்பாலோர் அந்த இருமலைக் கவனிக்காமல் சோக்கோடு இழுத்துக்கொண்டே போவதால்தான் தீப்பொறி தரும் பிளக் பெட்ரோலில் குளித்துவிடுகிறது. அப்படி ஆகிவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து ஏழெட்டு முறை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காயவிடுங்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் வேண்டாம்.

பெட்ரோலை வேலைக்கு வேண்டிய அளவே கலக்குகிறேன். என் இயந்திரத்துக்கு 50:1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி (2T) ஆயில், டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்றே விற்பது. சிலவற்றுக்கு 25:1 என்று போட்டிருக்கும், அதற்கு 40 மில்லி. உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயிலே கலக்கக் கூடாது. அதற்கு எஞ்சின் ஆயில் தனி. வேலை முடிந்து பத்து நாளுக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். ஏர் ஃபில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடுவேன். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். கீழேயுள்ள கியர் பெட்டிக்கு இருபது இருபத்தைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ். ஜாதிக்காய்க் கன்று வைத்திருப்பவர்கள் புல்லை வெட்டிச் சுழலும் நைலான் கயிற்றைத் தண்டுக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். பட்டை சுற்றிலும் உரிந்தால் கன்று பட்டுப்போய்விடும். எனக்கு இரண்டு போயின.

களைக்கொல்லி அடித்தால் ஒரே நாளில் முடியுமே என்பவர்களுக்கு: என் தோப்பில் மாடு மேய்கிறது. பேட்டரி இயந்திரம் வாங்கலாமே என்பவர்களுக்கு: சாளையில் மின்சாரம் இருக்கும் நேரத்தை நம்பி நான் புல் வெட்ட முடியாது.

இந்த இயந்திரத்துக்கு அரசு மானியம் உண்டு, பெண்களுக்கு 50 சதவீதம். கேட்கப் போனபோது பட்டா என் பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். என் பெயரில் எப்படி இருக்கும்? 1989 மார்ச்சில் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தபோது, அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டார்கள். எனக்கு 1988 தையில் கல்யாணம். 1996இல் அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினையைப் பதிவு செய்துகொண்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005இல் வந்த திருத்தம் எல்லா மகள்களையும் சேர்த்துக்கொண்டது, ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பிரிவினையைத் தொடவில்லை. முப்பத்தைந்து வருடமாகத் தோப்பில் வேலை செய்கிறேன். எந்தக் காகிதத்திலும் நான் விவசாயி இல்லை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லைதான், ஆனாலும் அந்தக் கடைக்காரர் சொன்னதை நினைத்தால் இதுவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

இன்றிரவு கேனின் அடியில் இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். காலையில் கோடு தெரிந்தால் டேங்கைக் கழுவிப் புதுப் பெட்ரோல் கலந்து ஊற்றுங்கள். கோடு இல்லையென்றால், பத்து முறை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, ஈரமாக இருந்ததா காய்ந்திருந்ததா என்று கீழே எழுதுங்கள். அடுத்து எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.