ஏற்காட்டுக் குளிரா, இதயக் கோளாறா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் வசிக்கிறோம். எங்கள் பொமரேனியனுக்குப் பதினொரு வயது. இரண்டு மாதங்களாக இரவில், தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இருமுகிறது. ஏற்றத்தில் நடந்தால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. பனியால் வந்த சளி என்கிறார்கள். நாங்கள் குடிக்கும் இருமல் மருந்தைக் கொடுக்கலாமா? பூனைக்கும் இது தொற்றுமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: இருமல் மருந்து கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாய் தளர்ந்தாலும் இந்த இனத்துக்கு இப்படி இருமல் வரும் என்றாலும், நடையும் தளர்ந்திருப்பதால் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். வயதான சிறிய நாய்களில் இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கிக் கசிவது மிகச் சாதாரணம். அதனால் பெருத்துப்போகும் இதயம் மூச்சுக்குழாயை அழுத்தும்போது இருமல் வருகிறது.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். நாய் அயர்ந்து உறங்கும்போது, விலா ஒருமுறை ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு, முழுதாக ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். கனவில் காலை உதறிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு வேண்டாம். 30-க்குள் இருப்பதே இயல்பு. மறுபடி எண்ணியும் 30-ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ஈறு நீலம் பாய்ந்தாலோ மயங்கி விழுந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வரும்வரை அதைப் படுக்கச் சொல்லி வற்புறுத்தாமல், அதற்கு வசதியான நிலையிலேயே விட்டு, சன்னலைத் திறந்து வையுங்கள்.

கணக்கு இயல்பாக இருந்தாலும் இந்த வாரத்துக்குள் எக்ஸ்ரேயும் எக்கோ எனப்படும் இதய ஸ்கேனும் எடுத்துவிடுவது நல்லது. எக்கோ வசதி எங்குள்ளது என்று உங்கள் மருத்துவரே சொல்வார். வால்வை மருந்தால் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் பிமோபெண்டன் இதயத்தின் சுமையைக் குறைக்கும். நீர் கோத்திருந்தால் ஃபுரோசமைடு அதை வெளியேற்றும். இரண்டையும் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

இந்நோய் பூனைக்குத் தொற்றாது. பூனைக்கு வருவது பெரும்பாலும் இதயத் தசை தடிக்கும் வேறொரு நோய். அதில் இருமல் அரிது. பூனை கட்டிலுக்கடியில் ஒளிந்து, தீனியைக் குறைத்துக்கொள்ளும். அதைக் கோபம் என்று நாம் விட்டுவிடுகிறோம். அது வாயைத் திறந்து இரைத்தாலோ, திடீரென அலறிப் பின்னங்கால்களை இழுத்தாலோ, அந்தப் பாதங்கள் சில்லிட்டிருந்தாலோ, அடிபட்டதாக எண்ணி எண்ணெய் தடவாதீர்கள். ரத்தக்கட்டி காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம். அந்த நேரமே கிளம்ப வேண்டும்.

நாய் இருமுவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் மேசை மீது ஏற்றியதும் எந்த நாயும் இருமிக் காட்டுவதில்லை.