வேலைக்குப் போய்க்கொண்டு தினமும் சாம்பார், ரசம், பொரியல், கூட்டு செய்ய முடியவில்லை. ஒரே பதார்த்தத்தோடு நிறுத்தினால் வீட்டில் குறை சொல்வார்களா?

கேட்டவர் யாரோ ஒரு வீட்டு மருமகள் என்றுதான் நினைக்கிறேன், எல்லாம் வைத்து மூடிவிட்டு எட்டரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவர். நான் 53 வயது ஆண். உனக்கென்ன தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள். ஒரே பதார்த்தம் சமைத்ததற்காகவே 2 வருடம் அலுவலகத்தில் கஞ்சன் என்று பெயர் வாங்கியவன்.

சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். சென்னைக்கு மாற்றல் வந்தபோது மகள் பன்னிரண்டாம் வகுப்பு. குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வில்லிவாக்கத்தில் ஒரு அறை எடுத்தேன். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, 3 லிட்டர் குக்கர், அம்மா பெயர் வெட்டின எவர்சில்வர் போசி. முதல் மாதம் ஆசையாக எல்லாம் செய்தேன். சாம்பாரை இறக்கிப் பொரியலை ஏற்றுவதற்குள் சோறு ஆறிவிடும். பாத்திரம் கழுவி முடிக்க ராத்திரி பத்தரை. ஒருநாள் வெறுத்துப்போய் எங்கள் ஊர் அரிசிம்பருப்பு வைத்தேன்.

தெரியாதவர்களுக்கு: 1 டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். கடலெண்ணெயில் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், பூண்டு, கருவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், ஒரு தக்காளி. மஞ்சள், உப்பு. 3 விசில். வெங்காயத்தைச் சிவக்க விடாதீர்கள். கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளியைப் போட்டுவிட்டால் அதன் இனிப்பு சோற்றில் இறங்கும். வேலையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், சின்ன வெங்காயம் உரித்துத்தான் ஆக வேண்டும்.

‘சத்து எங்கே?’ என்று சிலர் வருவார்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்கிற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது சாமி. தினமும் இதையே தின்னுங்கள் என்றும் சொல்லவில்லை. எனக்கு வாரம் 3 நாள் இது, மற்ற நாள் கீரை கடைசல், கொள்ளுப் பருப்பு.

பக்கத்து மேஜைக்காரர் டப்பாவை எட்டிப் பார்த்து, “என்ன சார், இன்னைக்கும் மஞ்ச சோறா? வீட்டுக் கடன் பெருசோ?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மானத்துக்குப் பயந்து ஒரு வாரம் ஓட்டலில் சாப்பிட்டேன். காசும் போச்சு, வயிறும் போச்சு. அப்புறம் பழையபடி குக்கர்தான்.

அதே ஆள் ஒரு மழை நாளில் கேன்டீன் மூடியிருந்தபோது என் டப்பாவில் பாதியைத் தின்றார். மறுவாரம், “வீட்டுக்காரிக்குக் காய்ச்சல், கொஞ்சம் கிடைக்குமா?” என்று கேட்டார். நானும் போசி நிறையக் கொடுத்தனுப்பினேன். போசி திரும்பவே இல்லை. மூன்று தடவை கேட்டேன். “நாளைக்குக் கொண்டாறேன் சார்” என்றவர் ஓய்வு பெற்றுப் போயே விட்டார். என்னைக் கஞ்சன் என்றவர்! பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எதற்கு? அம்மா இப்போது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் கேள்வி. குறை சொல்வார்கள், நிச்சயமாக. முதல் பத்து நாளைக்கு நெய்யை மட்டும் தாராளமாக ஊற்றுங்கள், அப்பளம் பொரிக்காமல் விடாதீர்கள். தட்டில் மொறுமொறுவென்று ஏதாவது இருந்தால் பொரியல் இல்லாதது அவ்வளவாகத் தெரியாது. யாராவது கேட்டால் வாழை இலையில் கட்டிக் கொடுங்கள், பாத்திரத்தில் வேண்டாம்.