பத்து மணி நேர அட்டவணை ஏன் மூன்றாம் நாளே உடைகிறது?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். உயர்தரம் உயிரியல் பிரிவு. மருத்துவ பீடம்தான் இலக்கு. பரீட்சைக்கு இன்னும் 24 வாரங்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் என்று அட்டவணை போட்டால் மூன்று நாள் கூட நிற்பதில்லை. சனி முழுநாளும் ஞாயிறு மதியம் வரையும் ஹட்டனில் வகுப்பு. உயிரியல் பிடிக்கும், பௌதிகவியல் பயம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இரவு ஒன்பதரைக்கு மேல் விளக்கு எரிய விட முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

பாடசாலை நாளில் உங்களிடம் பத்து மணி நேரம் இல்லவே இல்லை. அதனால்தான் அட்டவணை உடைகிறது, உங்கள் மனஉறுதியில் குறை எதுவுமில்லை. உள்ள நேரத்தை முதலில் எண்ணுங்கள். விடியற்காலை 4.45 முதல் 5.45 வரை ஒரு மணி, இரவு 7 முதல் 9.30 வரை இரண்டரை மணி. ஐந்து நாளைக்கு 17½. சனி இரவு 2, ஞாயிறு பிற்பகலும் இரவும் சேர்த்து 4½. ஆக வாரம் 24 மணி. அதில் 20-ஐ மட்டும் பாடங்களுக்குப் பிரியுங்கள்: பௌதிகவியல் 8, இரசாயனவியல் 7, உயிரியல் 5. மிச்சம் 4 மணியை வெறுமையாக விடுங்கள். காய்ச்சல், மின்வெட்டு, வீட்டு விசேஷம் எல்லாம் அந்த இடத்தில்தான் அடங்கும்.

உயிரியலுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மூன்று பாடங்களின் சராசரி. பிடித்த பாடத்தில் ஏற்கெனவே நல்ல புள்ளி எடுப்பவர் இன்னும் ஐந்து புள்ளி ஏற்றுவது கடினம். பௌதிகவியலில் அதே உழைப்பு இருபது புள்ளியைக் கூட்டலாம். விடியற்காலை மணியை அதற்கே கொடுங்கள்.

பௌதிகவியலில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். பரீட்சையில் கணிப்பானுக்கு அனுமதியில்லை. வீட்டில் போனைத் தட்டிக் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் மண்டபத்தில் பெருக்கலிலும் அடுக்குக்குறியிலும் நேரத்தை இழக்கிறார்கள். இன்றிலிருந்தே கையால் செய்யுங்கள். அடுத்தது, சிறு சிறு பகுதிகளாகக் கேட்கப்படும் அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் ஆய்வுகூடப் பரிசோதனைகளைச் சுற்றியே வருகின்றன. வேணியர் இடுக்கி, சுரமானி, மீற்றர்ப் பாலம், அழுத்தமானி ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வாய்ப்புக் குறைவென்றால், ஒவ்வொன்றையும் வெள்ளைத்தாளில் பாராமல் வரைந்து, எதை அளக்கிறோம், எந்த வரைபு வரும், படித்திறன் எதைத் தரும் என்று எழுதுங்கள். வாரம் இரண்டு பரிசோதனை போதும்.

24 வாரத்தை 12, 9, 3 என்று பிரியுங்கள். முதல் 12 வாரம் அலகுகள். ஒரு அலகு முடிந்த அன்றே அந்த அலகின் கடந்தகாலப் பல்தேர்வு வினாக்களைச் செய்ய வேண்டும். 2019-இல்தான் புதிய பாடத்திட்டத்துக்கு முதல் பரீட்சை நடந்தது. அதற்கு முந்தைய தாள்களில் இப்போது இல்லாத பகுதிகளும் கலந்திருக்கும், பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு நீக்குங்கள்.

அடுத்த 9 வாரம் முழுத்தாள்கள், பாடத்துக்கு மூன்று. சனி இரவு 2 மணி நேரத்தில் 50 பல்தேர்வு, ஞாயிறு பிற்பகல் 3 மணி நேரத்தில் இரண்டாம் தாள், அன்றிரவு திருத்தம். பல்தேர்வில் ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன்தான். அதைத் தாண்டினால் குறியிட்டுவிட்டு நகருங்கள். இரண்டாம் தாளில் நான்கு அமைப்புக் கட்டுரை, நான்கு கட்டுரை. அமைப்புக் கட்டுரைக்கு 100 புள்ளி என்றால் கட்டுரைக்கு 150 என்பதே விகிதம். ஆகவே முன்னதற்கு 17 நிமிடம், பின்னதற்கு 26. மொத்தம் 172 நிமிடம், சரிபார்க்க 8 மிஞ்சும். முதல் கட்டுரையில் 40 நிமிடம் கரைத்துவிட்டுக் கடைசிக் கட்டுரையை வெறும் தலைப்போடு விட்டுவரும் பிள்ளைகள் ஏராளம்.

திருத்தும்போது பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வரி வரியாக வைத்துப் பாருங்கள். உயிரியல் கட்டுரையில் புள்ளி தகவலுக்குத்தான், பக்கத்துக்கு அல்ல. தவறுகளுக்குத் தனிக் கொப்பி வையுங்கள். தெரியாமல் போனதா, தெரிந்தும் கவனக்குறைவா, நேரம் போதவில்லையா என்று மூன்றில் ஒன்றை எதிரே எழுதி, அதே வினாவை மூன்றாம் நாளும் இரண்டு வாரம் கழித்தும் மீண்டும் செய்யுங்கள். கடைசி 3 வாரம் அந்தக் கொப்பிதான் உங்கள் புத்தகம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீட் பரீட்சைக்கான இந்தியத் தமிழ்க் காணொளிகளை நம் பிள்ளைகள் நிறையப் பார்க்கிறார்கள். விளக்கத்துக்குப் பார்க்கலாம், ஆனால் சொற்களை அங்கிருந்து எடுக்காதீர்கள். அவர்களுடைய செல், திசு, ஒளிச்சேர்க்கை நமக்குக் கலம், இழையம், ஒளித்தொகுப்பு. விடைத்தாளில் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலில் உள்ள சொல்லையே எழுதுங்கள்.

ஹட்டன் பஸ்ஸில் வாசிக்க வேண்டாம், அந்த வளைவுகளில் தலை சுற்றும். முதல் நாள் படித்த ஒரு படத்தை, சிறுநீரகத்தியையோ (நெப்ரோன்) இதயத்தையோ, கண்ணை மூடி மனதில் வரைந்து பாகங்களைச் சொல்லிக்கொண்டு போங்கள். தடுமாறிய இடத்தை இறங்கியதும் குறித்துவிடுங்கள்.

பல்கலைக்கழகம் புக, மூன்று பாடங்களோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். கடைசி ஆறு வாரங்களில் வெறுமையாக விட்ட நேரத்திலிருந்து வாரம் ஒரு மணி அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிறு வகுப்பு முடிந்து வந்ததும், எதையும் புரட்டாமல் ஒரு பௌதிகவியல் பல்தேர்வுத் தாளை 2 மணி நேரம் வைத்துச் செய்யுங்கள். எந்த அலகில் எத்தனை பிழை என்று எண்ணுங்கள். அதிகம் பிழைத்த அலகிலிருந்து திங்கள் 4.45-க்குத் தொடங்கலாம்.